மூடி போட்ட கிண்ணம்

கண்டி
19.1.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலத்தை இராத்திரி மட்டும் தடவிவிட்டுக் காலையில் மறந்துவிடாதே.

போனில் பேசினால் உனக்குக் காது கேட்காது. செல்போனில் விரலால் தட்டி அனுப்புவது எனக்கு வராது, வரவும் வேண்டாம். இத்தனை வருடம் தபால் இலாகா எனக்குச் சோறு போட்டிருக்கிறது. நான் தபாலில்தான் எழுதுவேன். இங்கேயும் தபால் பெட்டி சிவப்பாகத்தான் இருக்கிறது.

பகவதியின் வீடு கெட்டம்பே என்ற இடத்தில், ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. டவுனுக்குப் பஸ்ஸில் போய்வரலாம். அவள் புருஷன் சுஜந்தன் விமான நிலையத்துக்கே வந்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன் தன் கல்யாணத்துக்கு வராத மாமனார் என்று அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் காலை வைத்ததும் மீன் வாடை. அன்றைக்கு மீன் சமைக்கவில்லை என்றாள் பகவதி. சமைக்காவிட்டால் என்ன, அடுப்படி அதே அடுப்படி, சட்டி அதே சட்டி. முட்டையைக்கூட வாசல் தாண்ட விடாத வீட்டில் வளர்ந்தவள் இப்போது மீன் ஆய்கிறாள், தானும் சாப்பிடுகிறாள். சுஜந்தன் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் சைவச் சாப்பாடாம். வியாழக்கிழமை மீன் வெந்த சட்டி வெள்ளிக்கிழமை எப்படித் திருந்தும் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அவள் சாப்பிடக் கூப்பிடுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வெளிநாட்டுக்கு வந்திருக்கேன். இந்த ஊர்ப் பண்டத்தையெல்லாம் கடை கடையாப் போய் ருசி பாக்கணும்னு ஆசை. வீட்டில எனக்குன்னு ஒண்ணும் செய்யாதே" என்றேன். நாசூக்காகத் தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். சுஜந்தனோ அதை அப்படியே நம்பி, "ஓம் மாமா, நான் எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போறன்" என்று கடைகளின் பெயரை அடுக்க ஆரம்பித்துவிட்டார். பகவதி டீ கொண்டுவந்து வைத்தாள். டீக்குத் தோஷமில்லை என்று குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

ஆக, இந்த வயதில் நான் சாப்பாட்டு ரசிகனாகிவிட்டேன். என் தலையெழுத்து.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்


அம்பாசமுத்திரம்
3.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

காந்திமதி எழுதுவது. கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, தைலம் இரண்டு வேளையும் தடவுகிறேன். தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போகிறது. கொல்லையில் கறிவேப்பிலை துளிர்விட்டிருக்கிறது.

உங்களை நான் அங்கே அனுப்பியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் காலால் அந்தப் படிகளெல்லாம் ஏற முடியாது, அதனால்தான் உங்களைப் போகச் சொன்னேன். அவள் கையால் ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அவளை மீன் சாப்பிடாதே என்று சொல்லவும் வேண்டாம், கல்யாணத்துக்கு வராததற்குச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். சாப்பிட்டால் போதும், அவளுக்குப் புரியும்.

குடையை மறந்துவிட்டுப் போய் நனைந்து, இரண்டு நாளாகத் தும்மிக்கொண்டிருக்கிறீர்களே, சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் குடியுங்கள்.

அன்புடன்,
காந்திமதி


கண்டி
12.2.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

உன் கடிதம் வந்தது. தும்மல் நின்றுவிட்டது. அதற்கு முன், நான் நனைந்ததும் தும்மியதும் உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லையே.

நீ கேட்டது சுலபமாகத்தான் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து எழுதுவதற்கு. எனக்கு அந்த அடுப்படியைப் பார்த்தாலே குமட்டுகிறது. பொய்யாகவா குமட்டும்?

இங்கே என் பாட்டைக் கேள். சுஜந்தன் என்னை டவுனில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். உட்கார்ந்தோமோ இல்லையோ, கேட்காமலே ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ், பற்றீஸ், முக்கோண பன் என்று கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் அப்படித்தானாம். வேண்டியதை எடுத்துக்கொண்டு எடுத்ததற்கு மட்டும் காசு கொடுக்க வேண்டுமாம். நான் அந்த முக்கோண பன்னைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே மீன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எழுந்ததும் நடந்ததுதான் கொடுமை. நாங்கள் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து அந்தத் தட்டை அப்படியே தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்தான் கடைக்காரன். அவர்களும் எடுத்துச் சாப்பிட்டார்கள். ஒருத்தர் முன்னால் வைத்ததை இன்னொருத்தர் சாப்பிடுவதா? எச்சில், பத்து என்ற நினைப்பே இவர்களுக்குக் கிடையாது.

அடுத்த நாள் கொத்து ரொட்டி. இரும்புக் கல்லில் இரண்டு தகடுகளை வைத்து ரொட்டியைக் கொத்துகிறார்கள், சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கிறது. காய்கறிக்கு இங்கே மரக்கறி என்று பெயர். "மாமாவுக்கு மரக்கறிக் கொத்து" என்று சுஜந்தன் சொன்னார். கோழியைக் கொத்திய அதே தகடுகளால் எனக்கும் கொத்தினான். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லி வாழைப்பழத்தோடு திரும்பினேன்.

டவுனில் தோசை, இட்லி போடுகிற சைவக் கடைகள் இருக்கின்றன. அங்கே போகலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "அது உங்கட ஊர்ச் சாப்பாடுதானே மாமா. இங்கத்தைச் சாப்பாட்டைப் பாக்கவெல்லோ வந்தனீங்கள்" என்கிறார். நான் சொன்ன பொய்யை எனக்கே திருப்பிப் பரிமாறுகிறார். தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்


அம்பாசமுத்திரம்
24.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகம். நீங்கள் இளைத்துப் போகாமல் இருக்க வேண்டும் என்று அகஸ்தீஸ்வரர் கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். கல்யாணமாகி வந்த நாள்முதல் ஒரு நாளாவது நீங்கள் குறை சொல்லாமல் இலையை விட்டு எழுந்தது உண்டா? சாம்பாரில் புளி கூட, ரசத்தில் உப்பு கம்மி, பொரியலில் தேங்காய் போதாது. ஆனால் உங்கள் அக்கா வீட்டில் உப்பே போடாமல் பரிமாறினாலும் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு எழுந்து வருவீர்கள். கல்யாண வீட்டில் சோறு குழைந்து கஞ்சியாகக் கிடந்தாலும் அதே 'நன்றாக இருக்கிறது'தான். உங்கள் வாயிலிருந்து குறை வந்தால் அது நம் வீடு, பாராட்டு வந்தால் அது விருந்துக்குப் போன வீடு. இது எனக்குத் தெரியும். உங்கள் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த பகவதிக்கும் தெரியும்.

அவள் தினமும் இரண்டு வேளை டீ போட்டுத் தருகிறாள். நீங்கள் தினமும் இரண்டு வேளை நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். ஒரு நாள் சர்க்கரையே போடாமல் கொடுத்துப் பார்த்தாளாம். அன்றைக்கும் அதையேதான் சொன்னீர்களாம்.

வெயில் ஏறிவிட்டது. மாவடு வரத் தொடங்கிவிட்டது, ஊறுகாய் போட ஆள் இல்லை.

அன்புடன்,
காந்திமதி


கண்டி
6.3.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

கடிதம் கிடைத்தது. சர்க்கரை விஷயத்துக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. நீங்கள் இருவரும் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ பேசிக்கொள்கிறீர்கள் என்று மட்டும் தெரிகிறது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

இந்த முறை நல்ல செய்தி. அதற்கு முன் ஒரு கெட்ட செய்தியையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கடுகண்ணாவைக்குப் போனோம். மலை இறக்கத்தில் ரோட்டோரம் வரிசையாகக் கடைகள். மரக்கறிச் சாப்பாடு என்று ஒன்று வந்தது. பலாப்பிஞ்சுக் கறி, பருப்பு, கீரைச் சுண்டல். பலாப்பிஞ்சைப் பார்த்து நாக்கில் நீர் ஊறியது. எதற்கும் கேட்டுவைப்போம் என்று சுஜந்தனை விட்டுக் கேட்கச் சொன்னால், கடைக்காரர் யோசித்துவிட்டுக் கீரையில் மட்டும் கருவாட்டுத்தூள் கொஞ்சம் என்றாராம். அதே கரண்டியால்தான் பலாப்பிஞ்சையும் எடுத்து வைத்திருந்தார். மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணி என்ற பனைப்பாகும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அது மட்டும் அருமை.

திரும்பி வந்ததும் சுஜந்தன் ஒரு கடையைச் சொன்னார். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கத்துச் சந்தில் இருக்கிறது, இடியாப்பம், தேங்காய் ரொட்டி, சொதி, சம்பல் எல்லாம் போடுவார்கள் என்றார். இப்போதே போகிறேன் என்று எழுந்தேன். "நாளைக்குப் போங்கோ மாமா. இண்டைக்கு வேண்டாம்" என்றார். ஏன் என்றால் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கடை திறந்திருக்கிறதே, பசிப்பது எனக்குத்தானே. ஆனாலும் மறுநாள்தான் போனேன்.

கடைக்காரர் பெயர் செல்லச்சாமி, நம் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்த குடும்பம். நெற்றியில் பட்டை, சுவரில் பிள்ளையார் படம், கண்ணாடி அலுமாரியில் மீன் இல்லை, முட்டை இல்லை. "வாங்க ஐயா, உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். பின்கட்டில் அவர் சம்சாரம் புஷ்பம் சமையல். காந்திமதி, அந்தச் சம்பலை என்னவென்று சொல்வது. தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், வெங்காயம், தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் புளி, அவ்வளவுதான். இடியாப்பத்தோடு நான் மூக்கு முட்டச் சாப்பிட்டேன். தினமும் போகிறேன்.

இன்னொன்று கவனித்தேன். மற்றவர்களுக்குச் சம்பலை ஒரு பெரிய பேசினிலிருந்து அள்ளி வைக்கிறார்கள். எனக்கு மட்டும் உள்ளேயிருந்து, மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் வருகிறது. வயதுக்கும், நான் பார்த்த உத்தியோகத்துக்கும் மரியாதை தெரிந்த மனிதர்கள்.

இப்படிக்கு,
சங்கரலிங்கம்


அம்பாசமுத்திரம்
18.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நலம். நீங்கள் வயிறாரச் சாப்பிடுவது தெரிந்து எனக்கும் நிம்மதி.

மூடி போட்ட கிண்ணத்தில் வருவது நல்லதுதான். அதைத் தவிர வேறு பாத்திரத்திலிருந்து எதையும் கேட்டு வாங்காதீர்கள். வேறு கடைக்கும் போக வேண்டாம்.

எனக்கு எப்படித் தெரிகிறது என்று நீங்கள் கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன். இப்போது கை வலிக்கிறது.

அன்புடன்,
காந்திமதி


கண்டி
30.3.2025

காந்திமதிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

இன்று காலை வழக்கத்துக்கு முன்னதாகவே கோயிலுக்குப் போய்விட்டு, கடை திறக்கிற நேரத்தில் செல்லச்சாமி கடைக்குள் நுழைந்தேன். பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. புஷ்பம் உரலில் எதையோ போட்டு இடித்துக்கொண்டிருந்தார். விறகுத் துண்டு மாதிரி கருப்பாக, கட்டையாக இருந்தது. என்னம்மா அது என்றேன். "மாசிங்க ஐயா. சம்பலுக்கு" என்றார். மாசி என்றால் மீன். மீனை அவித்துக் கல்லாகக் காயவைத்தது. செல்லச்சாமி ஓடிவந்து, "எங்க கடையில மீன் கறி கெடையாதுங்க. சம்பலுக்கு மட்டும் மாசி, எல்லாரும் போடுறதுதானே. ஆனா ஐயா, உங்களுக்கு..." என்று ஏதோ சொல்லிக்கொண்டே வாசல்வரைக்கும் பின்னால் வந்தார். நான் நிற்கவில்லை. எத்தனை நாள் ருசித்து, உனக்கு வேறு வரிந்து வரிந்து எழுதினேன்.

நேரே வீட்டுக்குப் போனேன். பகவதி அடுப்பு முன்னால் நின்றாள். "அந்தக் கடையில சம்பலுக்கு மாசி போடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "ஓம், தெரியும்" என்றாள். ஆமாம் என்பதற்கு இந்த ஊர் 'ஓம்' வேறு. "தெரிஞ்சும் என்னைத் திங்க விட்டியா?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "நான் விடுவேன்னு நினைக்கிறீங்களாப்பா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு லாட்ஜுக்கு வந்துவிட்டேன். நான் பெற்ற பெண் மீன் தின்னப் போனாள், போகட்டும். என்னையும் தின்னவைத்துவிட்டு, பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். இதற்குத்தானே நீ என்னை அனுப்பினாய்?

பதில் எழுது. கீழே லாட்ஜ் விலாசம் கொடுத்திருக்கிறேன்.

சங்கரலிங்கம்


கண்டி
14.4.2025

காந்திமதிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உன் பதில் இன்னும் வரவில்லை. தபால்காரனைத் தினமும் வாசலில் நின்று கேட்கிறேன், ஒரு தபால்காரனிடம் இப்படி நிற்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இத்தனை நாள் சைவக் கடையில் தோசை சாப்பிட்டுக் காலம் தள்ளினேன். இப்போது அதற்கும் வழியில்லை. இங்கே சிங்களவர்களுக்கும் இதே நாளில்தான் வருடப் பிறப்பு. டவுன் முழுக்கக் கடையை அடைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள், சில நாளைக்குத் திறக்கமாட்டார்களாம். லாட்ஜ் காவல்காரர் நல்ல நேரம் பார்த்துத்தான் அடுப்பு மூட்ட வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் நேற்று முதல் பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீரும்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று சொல்லக்கூட ஆளில்லை.

சுஜந்தன் தினமும் வேலை விட்டதும் வந்து இந்தக் கதிரையில் உட்கார்ந்து, "வாங்கோ மாமா, வீட்டை போவம்" என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். இன்று ஒரு தூக்குச்சட்டி கொண்டுவந்தார். பாற்சோறு. நான் தொடவில்லை. "அவ தந்துவிடேல்லை மாமா, நான்தான் எடுத்துக்கொண்டு வந்தனான்" என்றார். அவர் போன பிறகு அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. அவள் தந்துவிடவில்லையாம். ஒரு வாய் அனுப்ப அவளுக்குத் தோன்றவில்லையா? அனுப்பினால் நான் சாப்பிடமாட்டேன் என்பது வேறு விஷயம்.

டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று கேட்கலாம் என்று இருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

சங்கரலிங்கம்


அம்பாசமுத்திரம்
16.4.2025

அத்தானுக்கு,

உங்கள் மார்ச் மாதக் கடிதம் எப்போதோ வந்துவிட்டது. வேண்டுமென்றேதான் பதில் எழுதவில்லை. எழுதினால் வாயில் வந்ததையெல்லாம் எழுதிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

பகவதி செல்போனில் எழுதி அனுப்புவாள், நான் படிப்பேன். எனக்குத் திருப்பித் தட்டத் தெரியாது, அவளுக்கும் நான் கடிதம்தான் போடுகிறேன். நீங்கள் தும்மியது முதல் 'ஆமா' என்றது வரைக்கும் எனக்குத் தெரியும். அந்த 'ஆமா'வுக்குப் பிறகு அவள் எனக்கு எதுவும் அனுப்பவில்லை. சுஜந்தன்தான் எழுதுகிறார்.

அவளிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் காரணத்தை என் கையால் எழுதமாட்டேன். நீங்கள் செல்லச்சாமி கடைக்குப் போங்கள். அந்த மூடி போட்ட கிண்ணம் யாருடையது என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

உண்மையிலேயே கோபம் வந்திருந்தால் நீங்கள் இந்நேரம் இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள். அந்த லாட்ஜில் எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

காந்திமதி


கண்டி
2.5.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

உன் கடிதம் மூன்று நாளைக்கு முன் வந்தது. முழங்காலைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. எப்படி இருக்கிறது?

படித்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். செல்லச்சாமி என்னைப் பார்த்ததும் பயந்தேவிட்டார். கிண்ணத்தைக் கேட்டேன். புஷ்பம் உள்ளேயிருந்து எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "இது உங்க மக வாங்கிக் குடுத்ததுங்க ஐயா. இதோட ஒரு சின்ன அம்மியும் புதுசா வாங்கிக் குடுத்தாங்க. உங்களுக்கு மட்டும் அதுலதான் மாசி போடாம அரைப்பேன். பேசின்ல இருக்கிறது உங்க பக்கமே வராது. நீங்க மொத மொத வர்றதுக்கு முந்தின நாள் அந்தியில வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போங்கோ என்று சுஜந்தன் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். செல்லச்சாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். "சொல்ல வேணாம்னுட்டாங்க ஐயா. தெரிஞ்சா, எம் மக ஏற்பாடுன்னு அதையும் சாப்பிட மாட்டாருன்னாங்க."

அவமானமாக இருந்தது. கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கெட்டம்பேக்குப் பஸ் ஏறினேன்.

நான் போனபோது இருவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரப் போனார்கள். பகவதி என்னை ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்திருந்தால் என்னைப் போல் முட்டாள் கிடையாது. "வாங்க" என்றாள், வாடகை வசூலிக்க வந்தவனைச் சொல்வது போல. நான் கிண்ணத்தை நீட்டினேன். வாங்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இனித் தனிக் கிண்ணம் கிடையாதுப்பா. நான் களைச்சுப் போயிட்டேன்" என்றாள். "இங்க ஒரே அடுப்பு, ஒரே கரண்டி. மீன் கறி இருக்கு, அது எங்களுக்கு. சோறு, பருப்பு, பீன்ஸ் இருக்கு. எந்தச் சட்டியில மீன் படலைன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. இருக்கறதுன்னா இருங்க. இல்லேன்னா கடைக்குப் போங்க."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்த அப்பனிடம் பேசுகிற பேச்சா? திரும்பிப் போகத்தான் நினைத்தேன். பிறகு எங்கே போவது என்று நினைத்தேன். சுஜந்தன் எனக்கு ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு, மீன் சட்டியை மட்டும் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். அவள் சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள். எதிர்த் தட்டில் மீன். முதல் கவளத்தைத் தண்ணீரைக் குடித்து இறக்கினேன். இரண்டாவது தானாக இறங்கியது. அவள் உட்காரவே இல்லை, பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவளுக்கு முன்னாலேயே தெரியும் என்று அந்த முகம் சொல்லிற்று.

"பருப்பில உப்பு இல்லையே" என்றேன்.

"என்னது?" என்றாள்.

"உப்பு. போட்டியா, மறந்துட்டியா?"

நேரே வந்தாள். என் தட்டில், நான் பிசைந்து வைத்திருந்த சோற்றில் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். எச்சில் என்று நானும் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. "போதுமான அளவு இருக்கு. உங்க நாக்கு செத்துப்போச்சு" என்று உப்புப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் ணங்கென்று வைத்தாள். அப்படியே நீதான். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினார். நான் சும்மா இருப்பேனா? பீன்ஸில் தேங்காய் கூட என்றேன். அதற்கும் திட்டு விழுந்தது. ராத்திரி லாட்ஜைக் காலி செய்துவிட்டு மாடி அறைக்கு வந்துவிட்டேன். அன்று முதல் மூன்று வேளையும் இங்கேதான் சாப்பாடு, மூன்று வேளையும் சண்டை.

ஊருக்குத் திரும்புகிற நாளில் மாற்றமில்லை, இருபத்தெட்டாம் தேதி. உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், அவளுக்கு எழுதிவிடாதே. பருப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
உன் சங்கரலிங்கம்


அம்பாசமுத்திரம்
11.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஒரு வாய் காபி போட்டுக் குடித்தேன். முழங்கால் தேவலை. பகவதி மறுபடி செல்போனில் எழுத ஆரம்பித்துவிட்டாள், முழுக்க உங்களைப் பற்றிய புகார்தான். மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் அவளுக்கு ஒன்றும் எழுதமாட்டேன், நம்பலாம். ஆனால் எனக்கு இப்போது தூக்கம் வரவில்லை. அவள் பருப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் இத்தனை வருடமாக என் சாம்பாரில் புளி, என் ரசத்தில் உப்பு, என் பொரியலில் தேங்காய்?

இதற்குத் தபாலில் பதில் வேண்டாம். வந்து, கை கால் கழுவி, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இலை போட்டு வைத்திருப்பேன்.

காந்திமதி